அப்பா இனிஷியல தூக்கிட்டான்னு வந்த லெட்டருக்கு பதில்

வணக்கம் அக்கா,

உங்க பேரு, பையன் பேரு எதையும் வெளிய போட வேணாம்னு கேட்டிருந்தீங்க, போடல. லெட்டர் அஞ்சு பக்கம் இருந்துச்சு, படிக்கற மத்தவங்களுக்கும் விஷயம் புரியணுமேன்னு மொதல்ல சுருக்கி சொல்லிடறேன்.

நாமக்கல் பக்கம் வீடு. வீட்டுக்காரர் பத்தாவதோட படிப்ப விட்டுட்டு லாரியில கிளீனரா ஏறினவர், அப்பறம் டிரைவர், இப்ப சொந்தமா ரெண்டு லாரி. பொண்ணு கோயமுத்தூர்ல ஹாஸ்டல்ல தங்கி இன்ஜினியரிங் கடைசி வருஷம். பையனுக்கு 16 முடிஞ்சிருக்கு, பிளஸ் ஒன், பயோ மேத்ஸ் குரூப், அப்பா ஆசைப்பட்டு சேத்தது. போன வருஷம் வரைக்கும் அடுப்படியில உங்க பின்னாடியே சுத்திட்டு இருந்தவன் இப்ப ரூம் கதவ சாத்திக்கறான். நாலு மாசம் ஃபுட்பால் ஃபுட்பால்னு கெடந்தான், அப்பறம் கிட்டார் வேணும்னு அழுது வாங்கி அது இப்ப பீரோ மேல தூசி படிஞ்சு கெடக்கு, இப்ப கேமரா வேணும் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன், சினிமா போட்டோ பக்கம் போற படிப்பு) தான் படிப்பேங்கறான். குலசாமி கோயில் கெடா வெட்டுக்கு கூப்பிட்டா சாமியே இல்லன்னு பங்காளிங்க எல்லாரும் இருக்கறப்ப சொல்லிட்டான். கடைசியா இன்ஸ்டாகிராம்ல பேர மாத்தி, அப்பா இனிஷியல தூக்கிட்டு தானா ஒரு பேரு வச்சிக்கிட்டான், அத ஒரு டிரைவர் தம்பி போன்ல காட்ட உங்க வீட்டுக்காரர் அன்னிக்கு ராத்திரி சாப்பிடாம படுத்துட்டார். "ஏன்டா இப்படி பண்ற"ன்னு நீங்க அழுதப்ப "நான் யாருன்னே எனக்கு தெரியலம்மா"ன்னு ஒரே வரியில சொல்லிட்டு கதவ சாத்திக்கிட்டான். மனசுல ஏதாவது வியாதியா, சேர்க்கை சரியில்லையா, இல்ல எல்லாம் இந்த போனான்னு கேட்டிருக்கீங்க.

அந்த கடைசி வரியில இருந்தே ஆரம்பிக்கறேன். நீங்க அத கேட்டு பயந்துட்டீங்க, எனக்கு அத படிச்சப்ப தான் பாதி கவல கொறஞ்சுது. ஏன்னா கவுன்சிலிங்குக்குன்னு என் ரூமுக்கு வர்ற பசங்க, அப்பா அம்மா கைய புடிச்சு இழுத்துட்டு வந்து உக்கார வச்ச பசங்க, அந்த ஒரு வரிக்கு வந்து சேர்றதுக்கே மூணு நாலு சிட்டிங் ஆகும், உங்க பையன் அத ராத்திரி பதினோரு மணிக்கு உங்ககிட்ட வாய் விட்டு சொல்லியிருக்கான். கதவ சாத்தினது தான் உங்களுக்கு மனசுல நிக்குது, சாத்தறதுக்கு முன்னாடி என்ன குடுத்துட்டு போனான்னு பாருங்க.

"நான் யாரு"ங்கறத தேடறது தான் இந்த வயசோட வேலையேன்னு சொன்னவர் எரிக் எரிக்சன்ங்கற மனோதத்துவ நிபுணர். மனுஷ வாழ்க்கைய எட்டு கட்டமா பிரிச்சவர், அதுல அஞ்சாவது இந்த 12ல இருந்து 18 வரைக்குமான காலம். அந்த கேள்விக்கு ஓரளவாவது ஒரு பதில் கெடைக்காம அடுத்த கட்டத்துக்கு போனா இன்னொருத்தர்கிட்ட மனசு விட்டு நெருங்கறதே கஷ்டம்ங்கறது அவரு கணக்கு. ஆனா அவர நான் இங்க இழுக்கறது தியரி சொல்ல இல்லக்கா, உங்க வீட்டு இனிஷியல் பஞ்சாயத்துக்காக. அவரு 1902ல ஜெர்மனியில ஃப்ராங்க்ஃபர்ட்ல பொறந்தார், பெத்த அப்பா யாருன்னு அவருக்கு கடைசி வரைக்கும் தெரியாது, அம்மா அப்பறமா கல்யாணம் பண்ணிக்கிட்ட ஹோம்பர்கர்ங்கற குழந்தை டாக்டரோட பேர்ல தான் வளந்தார். ஸ்கூல் முடிச்சிட்டு காலேஜ் போகாம படம் வரையறேன்னு ஐரோப்பா பூரா ஊர் ஊரா சுத்தினார், டிகிரின்னு ஒண்ணு வாங்கவே இல்ல. பின்னாடி ஹார்வர்ட்ல புரொஃபசரா இருந்தார், ஆனா இத இப்போதைக்கு உங்க பையன்கிட்ட சொல்லிடாதீங்க. 1939ல அமெரிக்க குடியுரிமை வாங்கறப்ப தனக்கு தானே எரிக்சன்னு ஒரு பேரு வச்சிக்கிட்டார். அதே நேரத்துல வளத்த அப்பா பேரயும் விட்டுடல, நடுவுல ஹெச்னு இனிஷியலா நிறுத்திக்கிட்டார். எரிக் ஹெச் எரிக்சன். உலகமே அவர அப்படி தான் சொல்லுது.

அண்ணன்கிட்ட, அதான் உங்க வீட்டுக்காரர்கிட்ட, இத மட்டும் சொல்லுங்க: இன்ஸ்டாவுல பேர மாத்தினது அப்பன் வேணாம்னு இல்ல, எனக்குன்னு ஒண்ணு இருக்கான்னு பாக்கறான். நாமளும் பண்ணினது தானே, ரஃப் நோட்டு கடைசி பக்கத்துல எத்தன விதமா கையெழுத்து போட்டு பாத்திருப்போம், நான் பிளஸ் டூ படிக்கறப்ப என் பேர்ல ஒரு எழுத்த கொறச்சா ஸ்டைலா இருக்கும்னு ஒரு மாசம் அப்படியே எழுதிட்டு இருந்தேன், எங்கப்பா பாக்கல, ஏன்னா அது நோட்டுக்குள்ள இருந்துச்சு. இவனுங்க ரஃப் நோட்டு ஊர் பாக்கற மாதிரி போன்ல இருக்கு, அவ்ளோ தான் வித்தியாசம். மார்க் ஷீட்டுலயும் ஆதார்லயும் இனிஷியல் அப்படியே தான் இருக்கு, இருக்கும்.

இப்ப ஃபுட்பால், கிட்டார், கேமரா விஷயம். ஒண்ணுலயும் நெலையா நிக்க மாட்டேங்கறானேன்னு எழுதியிருக்கீங்க. இதுக்கு எரிக்சன் வச்ச பேரு உங்க வீட்டுல நல்லா தெரிஞ்ச வார்த்தை தான், மொரட்டோரியம். 2020ல கொரோனா லாக்டவுன் வந்தப்ப மார்ச்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் ஆறு மாசம் டியூ கட்ட வேணாம்னு ரிசர்வ் பேங்க் சொன்னுச்சே, லாரி வச்சிருக்கற வீட்டுல அத மறந்திருக்க மாட்டீங்க. கடன் தள்ளுபடி ஆகல, வட்டி கூட ஏறிட்டு தான் இருந்துச்சு, ஆனா வண்டி ஓடாத காலத்துல கழுத்த புடிக்காம கொஞ்சம் டைம் குடுத்தாங்க. அந்த டைம் தான் இந்த வயசுக்கு வேணும். நாளைக்கு பெரிய மனுஷனா நிக்கணும்ங்கற கடன் அவன் தலையில இருக்கு, அது எங்கயும் போயிடாது, அதுக்கு முன்னாடி இது நானா அது நானான்னு ஒவ்வொரு சட்டையா போட்டு பாத்து கழட்ட கொஞ்ச காலம். கிட்டார் பீரோ மேல கெடக்கறது நஷ்டம்னு நீங்க நெனைக்கறீங்க, அது எனக்கானது இல்லன்னு அவனுக்கு தெரிஞ்சுபோச்சே, அத 35 வயசுல வேலைய விட்டுட்டு கண்டுபிடிக்கறத விட இது சீப்பு தான்.

அண்ணனுக்கு இது புரியறது கஷ்டம்னு எனக்கு தெரியும், அதுல தப்பும் இல்ல. அவருக்கு இந்த மொரட்டோரியமே கெடைக்கல. 16 வயசுல அவரு நான் யாருன்னு யோசிக்கல, யோசிக்க நேரமும் இல்ல, டயர் மாத்தணும், தார்பாய் கட்டணும், செக்போஸ்ட்ல பேப்பர எடுத்துட்டு ஓடணும், நீ கிளீனர்னு உலகம் சொல்லிடுச்சு, அவரும் அதயே புடிச்சுக்கிட்டு மேல வந்துட்டார். அதனால பையன் ரூம்ல உக்காந்து கொழம்பறது அவரு கண்ணுக்கு கொழுப்பா தெரியுது. அவரு பட்ட கஷ்டத்துல வாங்கின டைம் தான் அந்த கொழப்பமே, அவரு சம்பாதிச்சதால தான் பையன் யோசிக்கவே முடியுது, இத நீங்க அவர்கிட்ட சொல்லுங்க, நான் சொன்னா உபதேசம் மாதிரி ஆயிடும்.

கண்ணாடி முன்னாடி முக்கால் மணி நேரம், பரு வந்திருக்குன்னு சித்தப்பா பொண்ணு கல்யாணத்துக்கு வரலைன்னு அழுதது, இதெல்லாம் ஒரே கணக்கு. 1967ல டேவிட் எல்கைண்ட்ங்கற மனோதத்துவ நிபுணர் இதுக்கு கற்பனை ஆடியன்ஸ்ங்கற மாதிரி ஒரு பேரு வச்சார், அதாவது எல்லாரும் என்னையே பாக்கறாங்கன்னு ஒரு நெனப்பு, இந்த வயசுல அது ரொம்ப தூக்கலா இருக்கும். 2000ல அமெரிக்காவுல கார்னெல் யுனிவர்சிட்டியில வெளியான ஒரு ஆராய்ச்சியில காலேஜ் பசங்கள கூச்சமா இருக்கற மாதிரி ஒரு பாடகர் படம் போட்ட பனியன் போட்டுட்டு ரூமுக்குள்ள போக சொன்னாங்க, போனவங்க பாதி பேராவது கவனிச்சிருப்பாங்கன்னு நெனச்சாங்க, உண்மையில கவனிச்சது கால்வாசி பேர் தான். காலேஜ் வயசுலயே அப்படின்னா 16ல கேக்கவா வேணும். அதனால "உன் மூஞ்சிய யாருடா பாக்கப் போறா"ன்னு சொல்லாதீங்க, அவனுக்கு அது ஆறுதலா கேக்காது. ஒரு ஸ்கின் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, பருவுக்கு மருந்து இருக்கு, வேலை முடிஞ்சுது.

இப்ப கொஞ்சம் கோவப்படறேன், தப்பா எடுத்துக்காதீங்க. லெட்டர்ல மூணாவது பக்கத்துல போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க, "நான் செத்தா தான்டா உனக்கு புத்தி வரும்னு கூட சொல்லி பாத்துட்டேன்"னு. அத நிறுத்துங்க. கண்டிக்கறதுல ரெண்டு வகை இருக்குக்கா. பதினோரு மணிக்கு மேல போன ஹால்ல வச்சிடணும், எங்க போற யார்கூட போறன்னு சொல்லிட்டு போகணும், இதெல்லாம் அவன் செய்யறத கட்டுப்படுத்தறது, மொறைப்பான், முனகுவான், ஆனா உள்ளுக்குள்ள அது அவனுக்கு ஒரு சொவரு மாதிரி, சாஞ்சுக்க ஆகும். இன்னொண்ணு அவன் மனச கட்டுப்படுத்தறது, நீ இப்படி நெனச்சா அம்மா செத்துடுவேன், உன்னால தான் அப்பா சாப்பிடல, அவமானமா இருக்கு. இதுல புள்ளைங்க ரெண்டு வழியில போவாங்க, ஒண்ணு பொய் சொல்லி பழகும், இல்ல தனக்கு என்ன தோணுதுங்கறதயே உள்ள அமுக்கிடும். ரெண்டாவது வகை புள்ளைய ஊரு நல்ல புள்ளைன்னு சொல்லும், அதுக்கு பின்னாடி வர்றேன்.

பைக்க இப்ப தொடக் கூடாதுன்னு அண்ணன் சொல்றது நூத்துக்கு நூறு சரி, அதுல நீங்க பையனுக்கு பரிஞ்சு பேசாதீங்க. 2005ல வந்த ஒரு ஆராய்ச்சி, கார் ஓட்டற கம்ப்யூட்டர் கேம், தனியா விளையாடறப்ப ஓரளவு நிதானமா இருந்த 13ல இருந்து 16 வயசு பசங்க, பக்கத்துல ஃப்ரெண்ட்ஸ் நின்னதும் ரிஸ்க்க ஏகத்துக்கும் ஏத்திட்டாங்க, 24 வயசுக்கு மேல இருந்தவங்களுக்கு பக்கத்துல ஆள் நின்னாலும் இல்லனாலும் பெரிய வித்தியாசம் இல்ல. மூளையில சுருக்குனு கெளம்பற பகுதி சீக்கிரம் தயாராயிடுது, பிரேக் புடிக்கற முன்பகுதி முழுசா முதிர 20 தாண்டியும் சில வருஷம் ஆகுதுங்கறது இப்ப எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் (பாட்டியல்ங்கற பழைய தமிழ் இலக்கண நூல் கணக்குல விடலைங்கற பருவமே 16 தாண்டி 30 வரைக்கும் போகுது, நம்ம ஆளுங்க ஸ்கேன் இல்லாமயே பாத்திருக்காங்க). சட்டமும் சும்மா இல்ல, 2019ல திருத்தின மோட்டார் வாகன சட்டப்படி 18 ஆகாத புள்ள வண்டி ஓட்டி மாட்டினா அப்பனுக்கு 25,000 ரூபாய் அபராதம், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் கூட இருக்கு. லாரி வச்சிருக்கறவருக்கு இத நான் சொல்ல வேண்டியதில்ல.

விஸ்காமுக்காக இப்பவே குரூப் மாத்தணும்னு சண்டை நடக்குதுன்னு எழுதியிருக்கீங்க. அந்த சண்டையே தேவையில்ல. விஸ்காமுக்கு பெரும்பாலான காலேஜ்ல பிளஸ் டூ எந்த குரூப்பா இருந்தாலும் போதும், பயோ மேத்ஸ் முடிச்சிட்டே சேரலாம். இத அவன்கிட்ட சொல்லுங்க, கதவு அடைக்கலன்னு தெரிஞ்சாலே பாதி மல்லுக்கட்டு நின்னுடும், ஒன்றரை வருஷம் கழிச்சு அவனுக்கு கேமராவே போரடிச்சாலும் ஆச்சரியப்பட மாட்டேன். கேமரா இப்ப வாங்கி குடுக்க வேணாம், கையில இருக்கற போன்லயே எடுக்கட்டும். லீவ்ல ஒரு ட்ரிப் அப்பாகூட கேபின்ல உக்காந்து போகட்டும், லாரிக்கு பின்னாடி எழுதியிருக்கறது, டீக்கடை, லோடுமேன், சங்ககிரி பக்கம் வண்டிங்க வரிசையா நிக்கறது, எடுக்க எவ்ளோ இருக்கு. இன்னொரு காரணமும் உண்டு. இந்த வயசு பசங்க மூஞ்சிய பாத்து உக்கார வச்சு கேட்டா பேச மாட்டாங்க, பக்கத்துல பக்கத்துல உக்காந்து ரோட்ட பாத்துட்டு இருந்தா அவங்களே பேசுவாங்க. அண்ணன் கேள்வி கேக்க வேணாம், அவரு கிளீனரா போன மொத நாள் கதைய சொல்லட்டும், அதயும் உபதேசமா இல்லாம, பயந்த கதைய, அழுத கதைய.

கோயிலுக்கு வரல சாமி இல்லங்கறது, அதுல நான் ரொம்ப சொல்ல ஒண்ணும் இல்ல. பங்காளிங்க முன்னாடி பேசினது மரியாதைக் கொறைவு, அத கண்டிக்கலாம். சாமி இருக்கா இல்லையான்னு வாதத்துக்கு நீங்க போகாதீங்க.

வியாதியான்னு கேட்டீங்க, அதுக்கு நேரா பதில் சொல்லணும். லெட்டர்ல இருக்கறத வச்சு பாத்தா ஸ்கூலுக்கு போறான், சாப்பிடறான், ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க, தங்கச்சி மொறை புள்ளைங்க வந்தா சிரிக்கறான், சனிக்கிழமை ராத்திரி முழிச்சு ஞாயித்துக்கிழமை பத்து மணி வரைக்கும் தூங்கறான், இதெல்லாம் இந்த வயசு தான், இந்த வயசுல தூக்கம் வர்ற நேரமே தள்ளிப்போகும். ஆனா ரெண்டு வாரத்துக்கு மேல தெனமும் எதுலயும் ஆசையே இல்லாம கெடந்தா, தூக்கம் சாப்பாடு ரெண்டும் தலைகீழா மாறினா, ஸ்கூலுக்கே போக மாட்டேன்னா, கையில வெட்டுத்தழும்பு பாத்தீங்கன்னா, புடிச்ச பொருள எல்லாம் அடுத்தவனுக்கு தூக்கி குடுக்க ஆரம்பிச்சா, நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதிங்கற மாதிரி பேசினா, அப்ப இந்த பதிலெல்லாம் ஓரமா வச்சிட்டு அன்னிக்கே மனநல டாக்டர்கிட்ட போங்க, மாவட்ட அரசு ஆஸ்பத்திரியிலயே அந்த பிரிவு இருக்கு. டெலி மானஸ் நம்பர் 14416, எந்நேரமும் எடுப்பாங்க, காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம். சந்தேகம் வந்தா அவன்கிட்டயே "சாகலாம்னு ஏதாவது தோணுதா கண்ணு"ன்னு நேரடியா கேளுங்க, கேட்டா புதுசா அந்த நெனப்பு வந்துடும்ங்கறது நெசமில்ல, கேக்க ஒரு ஆளு இருக்குன்னு தான் அவனுக்கு தோணும்.

சரி, இப்ப நீங்க கேக்காத விஷயம்.

அஞ்சு பக்கத்துல பொண்ணப் பத்தி மொத்தமே ஆறு வரி. "அவ ஒரு நாளும் எதுத்து பேசினதில்லைங்க, இன்ஜினியரிங் சேருன்னோம் சேந்தா, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுன்னோம் எடுத்தா, இன்னிக்கும் ஒரு டாப் வாங்கணும்னா கூட கடையில இருந்து வீடியோ கால் போட்டு ரெண்டையும் தூக்கி காட்டி எத எடுக்கட்டும்மான்னு கேட்டு தான் எடுப்பா, அப்படி வளத்தோம், அதே கையால தான் இவனயும் வளத்தோம்"னு எழுதியிருக்கீங்க. பெருமையா எழுதியிருக்கீங்க. நான் அந்த எடத்துல தான் நின்னுட்டேன்.

எரிக்சனுக்கு அப்பறம் ஜேம்ஸ் மார்ஸியான்னு ஒருத்தர், 1966ல அவரு காலேஜ் பசங்கள உக்கார வச்சு வேலை, மதம், அரசியல்னு ஒவ்வொண்ணா பேட்டி எடுத்தார். பாத்தது ரெண்டே விஷயம், நீயா தேடி பாத்தியா, ஒரு முடிவுல நிக்கறியா. தேடவும் இல்ல நிக்கவும் இல்லன்னா மெதக்கறான். தேடிட்டு இருக்கான் இன்னும் நிக்கலன்னா அது தான் மொரட்டோரியம், உங்க பையன். தேடி பாத்துட்டு நிக்கறான்னா அவன் கரை சேந்துட்டான். நாலாவது ஒண்ணு உண்டு, தேடவே இல்ல, ஆனா நிக்கறாங்க, அம்மா அப்பா காட்டின எடத்துல. அதுக்கு அவரு வச்ச பேரயும் உங்க வீட்டுல சொல்லுவீங்க, ஃபோர்க்ளோஷர். டியூ முடியறதுக்கு முன்னாடியே லோன ஃபோர்க்ளோஸ் பண்ணிட்டேன்னு அண்ணன் சந்தோஷமா சொல்லுவாரே அதே வார்த்தை. மார்ஸியா எத மனசுல வச்சு சொன்னாரோ, நம்ம ஊரு அர்த்தமே இதுக்கு நல்லா பொருந்துது, காலத்துக்கு முன்னாடியே கணக்க முடிச்சிடறது.

லோன அப்படி முடிச்சா லாபம், ஆளுக்கு எப்பவும் அப்படின்னு சொல்ல முடியாது. பொண்ணுக்கு பிரச்சனை இருக்குன்னு நான் சொல்லல. பெத்தவங்க காட்டின வழியில போயி கடைசி வரைக்கும் நிம்மதியா இருக்கறவங்க நம்ம பக்கம் எக்கச்சக்கம், அமெரிக்காக்காரங்க கணக்கு நமக்கு முழுசா ஒத்து வரணும்னும் இல்ல. ஆனா என் ரூமுக்கு 28, 30 வயசுல வர்ற பொண்ணுங்கள்ல இப்படி ஒரு வகை உண்டு, நல்ல வேலை, நல்ல எடத்துல கல்யாணம், ஒரு கொறையும் சொல்லத் தெரியாது, என்ன வேணும்னு கேட்டா புருஷன் மூஞ்சிய பாப்பாங்க, புருஷன் வரலைன்னா என் மூஞ்சிய பாப்பாங்க. 16ல கேக்க வேண்டிய கேள்விய அப்ப தான் கேக்க ஆரம்பிப்பாங்க, அப்ப கையில கொழந்தை இருக்கும், வீட்டு லோன் ஓடிட்டு இருக்கும். உங்க பையன் சத்தம் போட்டு தேடறான், அதனால அஞ்சு பக்கம் கெடச்சுது. அவளுக்கு ஆறு வரி.

அடுத்த வருஷம் வரன் பாக்கலாம்னு இருக்கோம்னு வேற அந்த ஆறாவது வரியில இருக்கு. கொஞ்சம் பொறுங்க. அதுக்கு முன்னாடி சின்னச் சின்ன விஷயத்துல அவளா முடிவெடுக்க பழகட்டும், எந்த கம்பெனி இன்டர்வியூவுக்கு போறது, சம்பளத்துல எவ்ளோ வீட்டுக்கு அனுப்பறது, லீவுக்கு வீட்டுக்கு வர்றதா ஃப்ரெண்ட்ஸ்கூட போறதா. தப்பா எடுத்தா எடுக்கட்டும், ஒரு டாப் சாயம் போறதால ஒண்ணும் ஆயிடாது.

அடுத்த தடவ கடையில இருந்து வீடியோ கால் வரும், ரெண்டு டாப்பயும் தூக்கி காட்டுவா. எதுன்னு சொல்லிடாதீங்க. "உனக்கு எது புடிச்சிருக்கு கண்ணு"ன்னு கேட்டுட்டு வாய மூடிக்கிட்டு இருங்க. மொதல்ல சிரிப்பா, அம்மா சொல்லும்மாம்பா, அப்பறம் கொஞ்ச நேரம் சத்தமே வராது. போன வச்சிடாதீங்க.